தெருநாய் நகக்கீறல், ரத்தம் வரவில்லை: ஊசி தேவையா?

பெங்களூரு அல்சூரில் தெருநாய் காலில் கீறி இரண்டு நாளாகிறது, தோல் லேசாக உரிந்தது, ரத்தமில்லை என்கிறீர்கள். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி போட்டுவிடுங்கள், இன்றே. தோல் உரிந்தாலே ஊசி தேவைப்படும் இரண்டாம் வகைக் காயம். தன் பாதத்தை நக்கும் நாயின் நகத்தில் எச்சில் இருக்கலாம். சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் இப்போதாவது கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

பக்கத்திலேயே பௌரிங் அரசு மருத்துவமனை இருக்கிறது. தோலுக்குள் போடுவதென்றால் 0, 3, 7, 28ஆம் நாள். தசையில் என்றால் 14ஆம் நாளும் சேரும். முதல் ஊசி போடும் நாள்தான் 0, கீறிய நாளல்ல. பலர் குழம்புவது இங்கேதான். புஜத்தில் போடச் சொல்லுங்கள். புட்டத்துக் கொழுப்பில் மருந்து சரியாக வேலை செய்யாது.

துளி ரத்தம் கசிந்திருந்தால் அது மூன்றாம் வகை, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) வேண்டும். நாயை 10 நாள் கவனியுங்கள், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.