மகள் சிறப்புக் கல்வி படிக்கலாமா? ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, உங்கள் மகள், மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் படிப்பான சிறப்புக் கல்விதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்பதாகவும், இளகிய மனசுக்காரி என்பதால் வந்த ஆசை இது என்றும், படித்தால் வேலை கிடைக்குமோ என்று பயமாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இளகிய மனசு நல்லதுதான். ஆனால் அதை மட்டுமே நம்பிச் சேர்ந்த பிள்ளைகள், கற்பித்தல் பயிற்சிக்கு வகுப்பறைக்குள் போனதும் திணறிவிடுகிறார்கள். உற்றுக் கவனிப்பது, எழுதி வைப்பது, முறையை மாற்றிப் பார்ப்பது: படிப்பில் பெரும்பகுதி இதுதான்.

கணக்குத் தாளைக் கொடுத்ததும் மேசையை ஓங்கி அடிக்கும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அடம் என்று மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். பயிற்சி மாணவி நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதுவாள்: அடிப்பதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே என்ன நடந்தது. சில நாள் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் பிடிபடும். அவன் அடித்ததும் ஒவ்வொரு முறையும் யாராவது தாளை எடுத்துவிடுகிறார்கள். 'என்னால் முடியவில்லை' என்று சொல்ல அவனுக்குத் தெரிந்த வழி அதுதான். ஓய்வு கேட்பதற்கு ஒரு பட அட்டையைப் பழக்க வேண்டும். அதைக் காட்டியதும் தாமதிக்காமல் ஓய்வு கொடுக்க வேண்டும். கணக்கையும் அவன் நிலைக்கு இறக்க வேண்டும். இன்னொரு குழந்தை அதே மேசையை வேறு காரணத்துக்காக அடிக்கும். அதற்கு மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும். இந்த வேலை உங்கள் மகளுக்கு அலுக்காது என்றால் தாராளமாகப் படிக்கட்டும்.

எழுத்து வேலையும் நிறைய உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் எழுத வேண்டும். அதில் 'வாசிப்பு முன்னேறும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் செல்லாது. 'ஐந்து சொல் வாக்கியங்கள் பத்தில் எட்டை உதவியில்லாமல் வாசிப்பான்' என்று அளந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். அதைப் பெற்றோரோடும், பேச்சுப் பயிற்சியாளரோடும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோடும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

எந்தப் பிரிவு என்பதை அவளே யோசிக்கட்டும். பார்வைக் குறைபாடு என்றால் பிரெயில் சரளமாக வர வேண்டும். வெள்ளைக்கோல் பிடித்துத் தனியாக நடமாடுவது பற்றிய பாடமும் இருக்கும். செவித்திறன் குறைபாட்டுக்குச் சைகை மொழி வேண்டும், அதற்கு வருடக்கணக்கில் பழக்கம் தேவை. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், டிஸ்லெக்சியா (வாசிக்க, எழுதத் திணறுவது) போன்ற கற்றல் குறைபாடு எல்லாம் தனித்தனி உலகம்.

வேலை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. சிறப்புப் பள்ளி மட்டும்தான் கதி என்ற நிலை மாறிவிட்டது. 1994-இல் ஸ்பெயினின் சலமாங்காவில் 92 அரசுகள் கூடி, இக்குழந்தைகளுக்குப் பொதுப் பள்ளியிலேயே இடம் வேண்டும் என்று அறிவித்தன. 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு அதை உரிமையாகவே எழுதியது. ஆகவே பொதுப் பள்ளிகளுக்கும் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் தேவை. ஆனால் சின்னத் தனியார் மையங்கள் சிலவற்றில் சம்பளம் குறைவு, வேலை கடுமை. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

அதனால் பட்டத்தின் அங்கீகாரத்தில் கறாராக இருங்கள். ஆசிரியராகப் பதிவு செய்ய அந்தப் பட்டம் செல்லுமா என்பதைக் கல்லூரி விளம்பரத்தில் பார்க்காமல், பதிவு தரும் அமைப்பிடமே கேளுங்கள். மேற்பார்வையாளரோடு குழந்தைகள் மத்தியில் எத்தனை மணி நேரப் பயிற்சி என்றும் கல்லூரியில் கேளுங்கள். மழுப்பினால் வேறு கல்லூரி பாருங்கள்.

விண்ணப்பிக்கும் முன், அனுமதி வாங்கி, ஒரு வாரம் அப்படிப்பட்ட வகுப்பில் ஓரமாக உட்காரச் சொல்லுங்கள். வந்ததும், அந்த ஆசிரியர் என்னென்ன செய்தார் என்று கேளுங்கள். எந்தக் குழந்தைக்கு எதை எப்படி மாற்றிக் கொடுத்தார் என்று விவரமாகச் சொன்னால் விண்ணப்பத்தைப் போட்டுவிடலாம். 'பாவமா இருந்துச்சும்மா' என்பதோடு நின்றால், இன்னும் சில வாரம் போய் வரட்டும்.