எச்-இண்டெக்ஸ் 61, எச்-இண்டெக்ஸ் 19

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, மூளையும் நோயெதிர்ப்பும் சேருகிற துறையில் பிஎச்.டி. செய்யப்போகிறாள். இரண்டு லேப்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒரு கைடுக்கு எச்-இண்டெக்ஸ் 61, இன்னொருவருக்கு 19. வீட்டில் எல்லோரும் 61-ஐத்தான் சொல்கிறோம். அவளோ சின்ன லேப் பக்கம் சாய்கிறாள். இந்த எண்ணை நம்பி முடிவு செய்யலாமா?

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

எச்-இண்டெக்ஸ் 61 என்றால், அவர் பெயர் உள்ள கட்டுரைகளில் 61 கட்டுரைகளாவது தலா 61 முறைக்குக் குறையாமல் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். ‘அவர் பெயர் உள்ள’ என்றுதான் சொல்கிறேன், ‘அவர் செய்த’ என்று சொல்லவில்லை. ஆய்வு மேசை அருகே நின்று சோதனை செய்தவர் யார் என்பது இந்தக் கணக்கில் வராது.

ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் இதை முன்வைத்தார். அந்தக் கட்டுரையில் உயிரியல் பட்டியலில் முதலிடம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் விஞ்ஞானி சாலமன் ஸ்னைடருக்கு. எண் 191. இயற்பியலில் முதலிடம் பிடித்த எட்வர்ட் விட்டனுக்கோ 110தான். அதற்காக விட்டனைச் சின்ன விஞ்ஞானி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். துறைக்குத் துறை அளவு மாறும். அப்புறம் வயது. இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. முப்பது வருடம் லேப் நடத்தியவரையும் எட்டு வருடம் நடத்தியவரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியில்லை.

ஸ்னைடரின் பெயர் உள்ள கட்டுரைகளில் மிகப் புகழ்பெற்ற ஒன்று 1973 மார்ச்சில் சயன்ஸ் இதழில் வந்தது. அதில் முதல் பெயர் கேண்டஸ் பெர்ட். அப்போது ஸ்னைடரின் ஆய்வு மாணவி, வயது 26. மார்ஃபின் மூளையில் எங்கோ ஒட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறது என்று பலரும் ஊகித்திருந்தார்கள். ஒட்டும் இடத்தைத் தெளிவாகக் காட்டத்தான் முடியவில்லை. மார்ஃபினை முறிக்கும் மருந்தான நாலோக்சோனை, கதிரியக்க அடையாளம் ஏற்றிய வடிவில் பெர்ட் எடுத்துக்கொண்டார். எலி மூளையை அரைத்து, அந்த மருந்தோடு கலந்து, கண்ணாடி இழை வடிதாளில் ஊற்றி உறிஞ்சி, குளிர்ந்த கரைசலால் சட்டென்று கழுவினார். ஒட்டாதது கீழே போய்விடும், ஒட்டியது தாளில் நிற்கும். அதன் கதிரியக்கத்தை எண்ணலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்த படி. லெவார்ஃபனால், டெக்ஸ்ட்ரார்ஃபன் என்று இரண்டு மருந்துகள். வலது கையும் இடது கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். முதலாவது வலியைப் போக்கும், இரண்டாவது போக்காது. முதலாவதைச் சேர்த்தால் நாலோக்சோன் இடத்தைவிட்டு விலகி, எண்ணிக்கை விழுந்தது. இரண்டாவதைச் சேர்த்தால் அசையவில்லை. மருந்து சும்மா ஒட்டவில்லை, அதற்கென்றே ஒரு பூட்டு மூளையில் இருக்கிறது என்று அப்போதுதான் உறுதியானது.

இந்த வேலையை நிறுத்தச் சொல்லி ஸ்னைடர் சொன்ன பிறகும் தான் விடாமல் செய்ததாகப் பெர்ட் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1978-ல் இந்தத் துறைக்கு, மருத்துவ ஆராய்ச்சிக்கான பெரிய அமெரிக்க விருதான லாஸ்கர் விருது கிடைத்தபோது ஸ்னைடர் பெயர் இருந்தது, பெர்ட் பெயர் இல்லை. பெர்ட் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார். நியாயமான எதிர்ப்பு என்றுதான் நினைக்கிறேன். மேற்கோள் கணக்கிலோ அந்தக் கட்டுரை இருவருக்கும் ஒரே அளவுதான்.

பெர்ட் பிறகு உங்கள் மகளின் துறைக்கே வந்தார். மூளையின் பெப்டைடுகள் என்ற சிறு புரதத் துண்டுகளுக்கான ஏற்பிகள், அதாவது அவை ஒட்டும் பூட்டுகள், நோயெதிர்ப்புச் செல்களிலும் உண்டு, இரண்டும் ஒரே மூலக்கூறுகளால் பேசிக்கொள்கின்றன என்று 1985-ல் நோயெதிர்ப்பியல் இதழ் ஒன்றில் சகாக்களோடு சேர்ந்து எழுதினார். நரம்பியலாளர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத பக்கம் அது.

ஸ்னைடரையும் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. 191 வெறும் பெயர் ஒட்டி வந்ததில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த மனிதர், அவரிடம் பயின்றவர்கள் பலர் பெரிய விஞ்ஞானிகள் ஆனார்கள். பெரிய லேப் என்றால் கருவி, பணம், தொடர்பு எல்லாம் கிடைக்கும். அதனால் 61-ஐ ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணைக் காட்டி உங்கள் மகளை நெருக்காதீர்கள்.

இரண்டு கைடுகளின் கடந்த ஐந்து ஆண்டுக் கட்டுரைகளையும் அவள் திறந்து பார்க்கட்டும். இந்தத் துறையில் பெரும்பாலும் முதல் பெயர் வேலை செய்த மாணவருடையது, கடைசிப் பெயர் கைடுடையது. அந்த முதல் பெயர்க்காரர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஒவ்வொரு லேபிலும் இரண்டு பேருக்கு மெயில் போட்டு, மாதக்கணக்கில் சோதனை சரியாக வராதபோது கைடு என்ன செய்தார் என்று கேட்கட்டும். அதற்கு வரும் பதில்களை வைத்து அவளே முடிவெடுக்கட்டும்.