ரத்தம், கைரேகை, குரல்: போலீஸ் எதை எடுக்கலாம், எப்படி எடுக்கலாம்?

குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நான். விசாரணையில் இருப்பவர்களிடம் மாதிரி எடுப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.க்குப் பதில் புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ். நடப்பில் இருப்பதால், வெறுமனே பிரிவு எண் சொன்னால் அது பி.என்.எஸ்.எஸ். பிரிவு.

மேடம், தெருவில் நடந்த திருட்டு விஷயமாக என் தம்பியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். கைது செய்யவில்லை. ஆனால் கைரேகை வைக்கச் சொல்கிறார்கள். வைக்கத்தான் வேண்டுமா? (சேலம் வாசகி)

வேண்டியதில்லை. 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி, தண்டனை பெற்றவர், கைதானவர், தடுப்புக் காவலில் இருப்பவர், நன்னடத்தைக்குப் பிணை எழுதிக் கொடுக்க உத்தரவானவர் ஆகியோரிடம்தான் போலீஸ் நேரடியாக எடுக்கலாம். உங்கள் தம்பி இதில் எதிலும் வரவில்லை. எடுத்தே ஆக வேண்டுமென்றால் மேஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். பிரிவு 349-ன்படி, கைதாகாதவரிடமும் கையெழுத்து, கைரேகை, குரல் மாதிரி கேட்க மேஜிஸ்திரேட் உத்தரவிடலாம். ஆனால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். "உத்தரவு நகல் கொடுங்க சார், வைக்கிறேன்" என்று தம்பி தன்மையாகச் சொல்லட்டும். தானாக வைத்துவிட்டால், கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சாசனம் சொல்கிறதே. ரத்தம் எடுப்பது மட்டும் எப்படிச் சரி? (சட்டக் கல்லூரி மாணவர், கோவை)

அரசியல் சாசனத்தின் பிரிவு 20(3)-ஐச் சொல்கிறீர்கள். 1961-இல் பம்பாய் அரசு எதிர் காதி காலு ஓகட் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு இதைப் பார்த்தது. மனதில் இருப்பதைச் சொல்ல வைப்பதுதான் சாட்சியம். கைரேகையும் கையெழுத்து மாதிரியும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொருள் மட்டுமே என்று அது முடிவு செய்தது. ரத்தம், முடி, நகம் எல்லாம் அந்த வழியில்தான் வருகின்றன. 2019-இல் ரித்தேஷ் சின்ஹா வழக்கில் குரல் மாதிரியும் சேர்ந்தது.

ஆனால் 2010-இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், உண்மை கண்டறியும் ஊசி, பொய் கண்டறியும் கருவி, மூளை அலைச் சோதனை மூன்றையும் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவை மனதுக்குள் நுழைகின்றன. எனக்கு மிகவும் முக்கியமான தீர்ப்பு அது.

அந்தப் பொய் கண்டறியும் சோதனைக்குத்தான் என் கணவரை ஒத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். "தப்பு செய்யலைன்னா ஏன் பயம்?" என்று கேட்கிறார்கள். (பெயர் வேண்டாம்)

மறுத்தால் அதைக் குற்றத்துக்கு அடையாளமாகக் கொள்ள முடியாது. சம்மதம் கொடுப்பதாக இருந்தாலும் அதை மேஜிஸ்திரேட் முன்னால் பதிவு செய்ய வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள வாய்ப்புத் தர வேண்டும். ஸ்டேஷனில் வாங்கிய கையெழுத்து சம்மதம் ஆகாது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள். இலவச சட்ட உதவி கிடைக்கும்.

அக்கா, அடிதடி வழக்கில் அண்ணனைக் கைது செய்திருக்கிறார்கள். ரத்தம் எடுக்கக் கூடாது என்று மறுக்கலாமா? (திண்டுக்கல்)

இதில்தான் பலர் குழம்புகிறார்கள், கவனமாகப் படியுங்கள் தம்பி. 2022 சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றமாக இல்லாமல், தண்டனையும் 7 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால், கைதானவர் உயிரியல் மாதிரி (ரத்தம், முடி போன்றவை) கொடுக்க மறுக்கலாம். கைரேகை, புகைப்படத்துக்கு இந்த விலக்கு கிடையாது. அவற்றைத் தடுத்தால் அரசு ஊழியரின் பணியைத் தடுத்த குற்றமாகும்.

அப்புறம் பிரிவு 51 தனியாக இருக்கிறது; அதில் அந்த விலக்கு இல்லை. பரிசோதித்தால் குற்றத்துக்கு ஆதாரம் கிடைக்கும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், போலீஸ் கேட்டுக்கொள்வதன் பேரில் பதிவு பெற்ற மருத்துவர் ரத்தம், எச்சில், முடி, நகத் துண்டு எடுக்கலாம். தேவையான அளவு பலமும் பயன்படுத்தலாம் என்று சட்டமே சொல்கிறது. எடுப்பது மருத்துவராகவோ அவர் வழிகாட்டுதலில் செயல்படுபவராகவோ இருக்க வேண்டும், போலீஸ்காரர் அல்ல. பெண் என்றால் பெண் மருத்துவர் அல்லது அவருடைய மேற்பார்வை. அதனால் ஊசியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆட்சேபம் இருந்தால் ரிமாண்டின்போது மேஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து சொல்லட்டும்.

கைதானதும் பிரிவு 53-ன்படி மருத்துவப் பரிசோதனை நடக்கும். உடம்பில் காயம் இருந்தால் அந்த டாக்டரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில், எப்போது பட்டது என்று பதிய வேண்டும். அறிக்கையின் நகல் உங்கள் அண்ணனுக்கு உரிமைப்பட்டது.

மாதிரி எடுத்த பிறகு மாற்றிவிட மாட்டார்கள் என்று எப்படி நம்புவது? (தேனி)

உங்கள் மாவட்டத்து வழக்கையே சொல்கிறேன். 2011-இல் சுருளி அருவிப் பகுதியில் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. மரண தண்டனை விதிக்கப்பட்டவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரிகள் யார் பொறுப்பில், எங்கே இருந்தன, ஆய்வகத்துக்குப் போக ஏன் தாமதம் என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. ஒருவர் தூக்கு நிழலில் ஆண்டுக்கணக்கில் இருந்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கும் விடை கிடைக்கவில்லை. மாதிரியை அலட்சியமாகக் கையாண்டால் இரண்டு பக்கமும் அநியாயம்தான்.

அதே தீர்ப்பில் நாடு முழுவதற்கும் நெறிமுறை வந்தது. பொட்டலத்தின் மேல் எஃப்.ஐ.ஆர். எண், தேதி, சட்டப் பிரிவு, விசாரணை அதிகாரி, காவல் நிலைய விவரம் இருக்க வேண்டும். எடுத்ததற்கான ஆவணத்தில் மருத்துவர், விசாரணை அதிகாரி, சுயேச்சையான சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் தடய அறிவியல் ஆய்வகத்தில் சேர வேண்டும். தாமதமானால் காரணத்தை வழக்கு டைரியில் எழுத வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. கைமாறிய விவரம் முழுவதும் ஒரு பதிவேட்டில் ஏறி வழக்குக் கட்டில் சேர வேண்டும்.

வழக்குக் கட்டு கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது தேதிகளைத்தான். ஆஸ்பத்திரி எடுத்த தேதி, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் நீதிமன்றக் கடிதத்தின் தேதி, ஆய்வகம் பெற்றுக்கொண்ட தேதி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். பிறகு கடிதத்தில் உள்ள அரக்கு முத்திரையின் மாதிரியும் ஆய்வக அறிக்கை சொல்லும் முத்திரையும் ஒன்றா என்று பார்ப்பேன். உங்கள் வழக்கறிஞரிடமும் இதைக் கேளுங்கள்.

வண்டி ஓட்டும்போது ஊதச் சொன்னால்? (சென்னை)

சீருடையில் இருக்கும் போலீஸ் கேட்டால் ஊதத்தான் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம்.

தடையை மீறிப் போராடியதற்காக மாலை வரை மண்டபத்தில் வைத்திருந்தார்கள். கைரேகை, கருவிழி எடுக்கலாமா? (தூத்துக்குடி)

தடையுத்தரவை மீறியதற்காகவோ முன்னெச்சரிக்கைக் கைதாகவோ மட்டும் என்றால் கூடாது; 2022 விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. வேறு குற்றப் பிரிவில் வழக்குப் போட்டிருந்தால் நிலைமை மாறும். எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் பாருங்கள்.

விடுதலையாகிவிட்டேன். என் கைரேகை இன்னும் அவர்களிடம் இருக்கிறதே? (மதுரை)

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஒரு மனிதனின் ஆயுட்காலம் அது. மிக அதிகம் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் முன்பு தண்டனை பெறாதவர் மேல்முறையீடெல்லாம் முடிந்து விடுதலையானால், நீதிமன்றம் காரணம் எழுதி வேறு உத்தரவு போடாதவரை, பதிவுகளை அழிக்க வேண்டும். மாநில அரசு நியமித்த பொறுப்பு அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதி, தீர்ப்பு நகலை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.