சம்பளச் சீட்டு தொலைந்துவிட்டது, வருமானச் சான்று கிடைக்குமா?

கேள்வி: என் கணவர் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். மாதச் சம்பளம் 15,500 ரூபாய். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் போக மீதி வங்கியில் ஏறும். கம்பெனியை மூடிவிட்டார்கள். வீடு மாறும்போது சம்பளச் சீட்டுகள் இருந்த பையும் தொலைந்துவிட்டது. இப்போது பவர் டேபிளில் (மின் தையல் இயந்திரத்தில்) பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைக்கும் எண்ணிக்கைக்கு ஏற்ற கூலிக்குத் தைக்கிறார். வாரக் கூலி, ரொக்கம்தான். முன்பு வந்ததைவிடக் குறைவு. நான் வீட்டில் தைத்து மாதம் 3,500 ரூபாய் வரை பார்க்கிறேன். எம்.பி.சி. வகுப்பு. கல்லூரியில் சேர்ந்த மகளின் உதவித்தொகைக்கு வருமானச் சான்று கேட்கிறார்கள். சம்பளச் சான்று இல்லாமல் பதிய முடியாது என்கிறார்கள் இ-சேவை மையத்தில். 3,000 ரூபாய் கொடுத்தால் வருமானம் 60,000 என்று போட்டு வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு புரோக்கர். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: சகோதரி, முதலில் அந்தப் புரோக்கருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். கணவர் பழைய சம்பளத்தையே இன்றும் வாங்குவதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,86,000. உங்கள் தையலில் 42,000. மொத்தம் 2,28,000 ரூபாய். உங்கள் வகுப்புக்கான உதவித்தொகையின் வருமான வரம்பு 2,50,000. இப்போது கூலி குறைந்திருப்பதால் உண்மையான தொகை இன்னும் கீழேதான் இருக்கும். உண்மையைச் சொன்னாலே கிடைக்கக்கூடியதற்கு யாராவது 3,000 ரூபாய் கொடுத்துப் பொய் வாங்குவார்களா? விண்ணப்பத்தோடு போகிற சுய உறுதிமொழியில் கையெழுத்து புரோக்கருடையது அல்ல, உங்கள் வீட்டாருடையது. நாளைக்கு விசாரணை என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

சரி, சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வருவாய்த் துறையில் வேலை பார்த்த காலத்தில் என் மேஜைக்கு இப்படி வந்தவர்கள் ஏராளம். பெரும்பாலானவர்கள் தொலைந்த காகிதத்தையே நினைத்து உட்கார்ந்திருப்பார்கள். சம்பளம் கொடுத்த கம்பெனி மூடியிருக்கலாம். ஆனால் அந்தச் சம்பளம் போன இடங்கள் எதுவும் மூடவில்லையே. பி.எஃப். அலுவலகத்தில் இருக்கிறது, ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிறது, வங்கியில் இருக்கிறது.

பி.எஃப். பாஸ்புக்கை முதலில் எடுங்கள். கணவரின் 12 இலக்க யூ.ஏ.என். எண்ணும் (பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்), அதில் பதிவான செல்போனும் இருந்தால் மத்திய அரசின் உமங் செயலியிலேயே இறக்கிவிடலாம். அதில் மாதவாரியாக எந்தச் சம்பளத்துக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று வரிசையாக இருக்கும். தொழிலாளி பங்கு 12 சதவீதம். ஒரு மாதத்தில் 1,440 ரூபாய் பிடித்திருந்தால் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 என்று அர்த்தம். "சம்பளம் 15,500 ஆச்சே, இது குறைகிறதே" என்று பயப்படாதீர்கள். வீட்டு வாடகைப்படி போன்றவை பி.எஃப். கணக்கில் சேராது. அந்த இடைவெளியை ஈ.எஸ்.ஐ. நிரப்பும். அங்கே பெரும்பாலான படிகளையும் சேர்த்து 0.75 சதவீதம் பிடித்து வந்தார்கள். 15,500-க்கு 116 ரூபாய் 25 காசு வரும், அதை 117 ஆக்கிப் பிடித்திருப்பார்கள். இப்போது 15,500-இல் 1,440-ஐயும் 117-ஐயும் கழித்துப் பாருங்கள், 13,943. வேறு பிடித்தம் இல்லையென்றால் வங்கி ஸ்டேட்மென்ட்டில் மாதாமாதம் ஏறியிருக்கும் தொகை இதுதான். மூன்று இடத்துக் கணக்கும் இப்படி ஒன்றோடொன்று பொருந்தி நின்றால் தொலைந்த சீட்டைவிட இது உறுதியான ஆதாரம். சீட்டைக் கம்பெனி மட்டும்தான் எழுதும். இதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார்கள். ஸ்டேட்மென்ட்டை வங்கிக் கிளையில் முத்திரையோடு வாங்குங்கள். உங்கள் கணவருடைய தொகைகள் வேறாக இருக்கலாம், கழித்துப் பார்க்கும் முறை இதேதான்.

வேலை போனதையும் காட்ட வேண்டும். பி.எஃப். தளத்தில் வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மூடிப்போகிற கம்பெனிகள் பல நேரம் அதைச் செய்யாமலே போய்விடுகின்றன. அப்படியானால், வேலையை விட்டு இரண்டு மாதம் கழிந்ததும் ஆதார் ஓ.டி.பி. வைத்துத் தொழிலாளியே அந்தத் தேதியைப் பதியலாம். பின்னால் பி.எஃப். பணம் எடுக்கவும் இது தேவைப்படும்.

இப்போதைய பீஸ் ரேட் கூலிக்கு, வேலை கொடுக்கும் கான்ட்ராக்டரிடம் வாரத்துக்குச் சராசரியாக எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து கேளுங்கள். கொடுத்தால் நல்லது. மறுத்தால் அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், உறுதிமொழியில் நீங்களே எழுதுங்கள். ரொக்கக் கூலிக்காரர்களுக்கு ரசீது இருக்காது என்பது கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியாததல்ல. விசாரிப்பதற்குத்தான் அவரும் வருவாய் ஆய்வாளரும் இருக்கிறார்கள். அவர்கள் அறிக்கைக்குப் பிறகு மண்டலத் துணை வட்டாட்சியர் சான்று வழங்குவார். விசாரணையில் வீடு சொந்தமா வாடகையா, நிலம் உண்டா, யார் யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்பார்கள். உங்கள் தையல் வருமானத்தை அவர்கள் கேட்கும்வரை வைத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாயிலிருந்து அது வந்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகள் மேலும் சந்தேகம் விழும்.

இ-சேவை மையத்தில் இருப்பவர் விண்ணப்பத்தைப் பதிகிறவர். சான்று தருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் அல்ல. அதனால் அவர் சொன்னதைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாஸ்புக், ஈ.எஸ்.ஐ. விவரம், ஸ்டேட்மென்ட் இவற்றை வருமான ஆதாரமாக ஏற்றச் சொல்லுங்கள். கூடவே குடும்ப அட்டை, முகவரிச் சான்று, புகைப்படம், சுய உறுதிமொழி. கட்டணம் 60 ரூபாய். விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள். சம்பளச் சீட்டு தொலைந்ததற்குப் போலீஸ் புகார், நோட்டரி பத்திரம் என்று யாராவது செலவு வைத்தால் கேட்காதீர்கள்.

எல்லாம் கைக்கு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். உதவித்தொகைக்குக் கடைசித் தேதி உண்டு. பாஸ்புக்கும் ஸ்டேட்மென்ட்டும் கிடைத்த அன்றே பதிந்துவிடுங்கள், மற்றவற்றை விசாரணையின்போது நேரில் காட்டலாம்.

கேள்வி: நாங்கள் விவசாயக் கூலிகள். சம்பளச் சீட்டு என்பதையே பார்த்ததில்லை. எங்களுக்கு?
- ஒரு வாசகர், பெரம்பலூர்

பதில்: உங்களுக்கு விசாரணைதான் முக்கியம். உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தால் கொண்டு போங்கள், உங்கள் தொழில் அதில் இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போயிருந்தால் அந்தக் கூலி ஏறிய வங்கிப் பாஸ்புக்கைக் காட்டுங்கள். வேலை கிடைக்கும் மாதம், கிடைக்காத மாதம் இரண்டையும் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று வீட்டிலேயே கூட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். அறுவடைக் காலத்துக் கூலியைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொல்லிவிட்டுத் தகுதி இழந்து நிற்கிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். சான்று கைக்கு வந்ததும் அதன் தேதியைக் குறித்து வையுங்கள், ஓராண்டுக்குத்தான் செல்லும்.