இலை மண்டுகிறது, பூவைக் காணோம்: நஸ்டர்ஷியத்துக்கு என்ன குறை?

கேள்வி: கோவையில் மொட்டைமாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் விதைத்த நஸ்டர்ஷியம் என்ற பூங்கொடி தொட்டி நிறைய இலையாக நிற்கிறது. வாரந்தோறும் மண்புழு உரமும் பஞ்சகவ்யமும் கொடுத்தும் ஒரு பூகூட இல்லை. பூத்தால் சாப்பிடலாமா?

பதில்: முதலில் உரத்தை நிறுத்துங்கள். செடிக்கு நோய் எதுவும் இல்லை, ஊட்டம்தான் மிஞ்சிவிட்டது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியிலிருந்து வந்த நஸ்டர்ஷியம், சத்துக் குறைந்த, நீர் தேங்காத மண்ணில்தான் நன்றாகப் பூக்கும். தழைச்சத்து கிடைக்கும்வரை இலையைப் பெருக்கிக்கொண்டே போகும். அடுத்த முறை இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மட்கிய உரம் போதும். அதற்குப்பின் எந்த உரமும் வேண்டாம்.

ஆகஸ்டு இதற்கு ஏற்ற பட்டமும் அல்ல. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் யாரும் கவனிக்காமலே இது படர்ந்து பூத்துக் கிடக்கும். அந்தக் குளிர்ச்சிதான் இதன் தேவை. கோவையில் அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ விதையுங்கள். சென்னையில் இருப்பவர்கள் அடைமழை ஓய்ந்தபின் விதைக்கலாம். மார்ச் வெயிலில் கொடி வாடினால் அதைக் காப்பாற்றப் போராடாமல் விதையை எடுத்து வையுங்கள்.

விதை கொண்டைக்கடலை அளவில் சுருங்கிய தோலோடு இருக்கும். ஓர் இரவு ஊறவைத்து அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, மண்ணால் நன்றாக மூடுங்கள், இருட்டில்தான் முளைக்கும். வேரைத் தொந்தரவு செய்தால் செடிக்குப் பிடிக்காது, ஆகையால் நாற்றுவிட்டுப் பிடுங்கி நடாமல் தொட்டியிலேயே நேரடியாக விதைப்பது நல்லது. பத்து நாளுக்குள் முளைத்துவிடும். பூவுக்கு இரண்டு மாதம்வரை பொறுத்திருங்கள். காலை வெயில் விழுகிற கிழக்கு ஓரம் சிறந்த இடம்.

தாராளமாகச் சாப்பிடலாம். பூ, இலை இரண்டும் முள்ளங்கியைப் போலக் காரமாக இருக்கும். கடுகின் காரத்துக்குக் காரணமான எண்ணெய்களின் இனத்தைச் சேர்ந்த ஒன்றுதான் இதிலும் இருக்கிறது. முட்டைக்கோஸைத் தின்னும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு இதைத் தேடி வருவதும் அதனால்தான். இலையின் அடியில் மஞ்சள் முட்டைகள் தென்பட்டால் விரலால் நசுக்கிவிடுங்கள். அசுவினிப் பூச்சி கூட்டமாக ஒட்டியிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே உதிரும். பூக்கும் பருவத்தில் வேப்பெண்ணெய் தெளிக்க வேண்டாம். கசப்பும் வாடையும் பூவில் தங்கிவிடும்.

காலையில் முழுதாக விரிந்த பூக்களைப் பறியுங்கள். பூவின் பின்புறம் வால்போல் நீண்டிருக்கும் குழலில் தேன் இருக்கும். கடித்தால் முதலில் அந்த இனிப்பு, பிறகுதான் காரம். அதே குழலுக்குள் எறும்பும் இருக்கலாம் என்பதால் விரித்துப் பார்த்து, நீரில் மெதுவாக அலசுங்கள். சமைத்தால் காரம் போய்விடும். வெள்ளரிப் பச்சடி, தயிர்சாதத்தின் மேல் பச்சையாகத் தூவிக்கொள்வதுதான் எனக்குப் பிடித்தது. கடுகு ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவும். மற்றவர்களும் முதல்முறை ஓரிரு பூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதிகமானால் வயிறு எரியும்.

நர்சரியில் பூவோடு விற்கும் செடியை வாங்கினால் அந்தப் பூக்களை உண்ண வேண்டாம். அழகுச் செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்து செடிக்குள்ளேயே ஊடுருவியிருக்கக்கூடும். விதை வாங்கி வளர்ப்பதே பாதுகாப்பு.