பதவிப் பெயரா, கைத்திறனா?

கேள்வி: 6 வருடமாக ‘ஆபீஸ் அசிஸ்டென்ட்’ பதவியில் இருக்கிறேன். ஆனால் பர்ச்சேஸ் ஆர்டர், ஸ்டாக் கணக்கு, சப்ளையர் பேமென்ட் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். இந்தப் பெயரில் வேலை தேடினால் சின்ன வேலைகளே வருகின்றன. ரெஸ்யூமேயில் ‘பர்ச்சேஸ் மேனேஜர்’ என்று போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பழைய நிறுவனத்தில் விசாரிக்கும்போது முதலில் கேட்பதே பதவிப் பெயரும் சேர்ந்த, விலகிய தேதிகளும்தான். அங்கே முரண்பட்டால், கைக்கு வந்த வேலையும் போய்விடும். உங்கள் உழைப்பு அப்படி வீணாகக் கூடாது.

பதவியை உள்ளபடியே எழுதுங்கள். அதற்கு மேலே, உங்கள் பெயருக்கு அடுத்த வரியில், ‘கொள்முதல், ஸ்டாக் நிர்வாகம் – 6 வருட அனுபவம்’ என்று போடுங்கள். அது பதவி அல்ல, செய்த வேலை, பொய்யும் இல்லை.

தேடும்போதும் பதவியை விட்டுவிடுங்கள். ‘பர்ச்சேஸ் ஆர்டர்’, ‘இன்வென்டரி’ போன்ற சொற்களைப் போட்டுத் தேடி, 15 விளம்பரங்களை எடுத்து, தலைப்பை மறைத்துக்கொண்டு பொறுப்புகளை மட்டும் படியுங்கள். ஒரே வேலைக்கு ஓரிடத்தில் ‘எக்ஸிகியூட்டிவ்’, இன்னோரிடத்தில் ‘கோஆர்டினேட்டர்’ என்று பெயர் இருக்கும். பாதிக்கு மேற்பட்ட விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் திறன்களில் உங்களிடம் இருப்பவற்றை அதே சொற்களில் ரெஸ்யூமேயில் எழுதுங்கள். ரெஸ்யூமேக்களை முதலில் வடிகட்டுவது பெரும்பாலும் இந்தச் சொற்களைத் தேடித்தான்.

‘கொள்முதல் பார்த்தேன்’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. மாதம் எத்தனை ஆர்டர், எத்தனை சப்ளையர், எந்த சாஃப்ட்வேர் என்று எண்ணோடு சொல்லுங்கள்.

இன்டர்வியூவில் பெரிய பதவிப் பெயர் தருவதாகச் சொன்னால், எனக்குக் கீழே எத்தனை பேர், எந்தத் தொகை வரை நானே ஒப்புதல் தரலாம் என்று கேட்டுவிடுங்கள்.