உலர்ந்த பழமா, வெந்த காயா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 100 கிராம் உலர் திராட்சையில், வேகவைத்த பீன்ஸில் உள்ளதைவிட இரும்புச்சத்து அதிகம் என்று ஓர் அட்டவணையில் கண்டேன். காய்களைத் தொட மறுக்கும் மகனுக்குத் திராட்சையைக் கொடுத்து ஈடுசெய்யலாமா?

பதில்: அட்டவணையில் பிழையில்லை, 100 கிராம் என்ற அளவுதான் நம்மைத் திசைதிருப்புகிறது. பறித்த திராட்சையில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர்தான். அதை 15 விழுக்காடு அளவுக்கு வற்றவைக்கும்போது நான்கு கிலோ பழம் ஒரு கிலோவாகச் சுருங்குவதால், இரும்பும் பொட்டாசியமும் நார்ச்சத்தும் செறிவதைப் போலவே சர்க்கரையும் செறிந்துவிடுகிறது. 100 கிராம் உலர் திராட்சையில் சுமார் 300 கிலோகலோரி இருக்க, வெந்த பீன்ஸில் 35 அளவே உண்டு. பிள்ளைகள் ஒரு வேளைக்குத் தின்பது 25 கிராம் திராட்சை என்றால், அதில் கிடைக்கும் இரும்பு அரை மில்லிகிராமை எட்டாது. ஒரு கிண்ணம் பீன்ஸ் பொரியலில் அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். திராட்சையில் முன்பே குறைவாக இருந்த வைட்டமின் சி, உலர்த்தும்போது மேலும் குறைந்துவிடும். ஆகவே பிஸ்கட்டுக்குப் பதிலாகத் திராட்சையைக் கொடுங்கள், காய்க்குப் பதிலாக வேண்டாம். பொன்னிறத் திராட்சை நிறம் மங்காமலிருக்க அதற்குக் கந்தக டை ஆக்சைடு ஏற்றுவது வழக்கம் என்பதால், ஆஸ்துமா உள்ள பிள்ளையென்றால் கவனம் தேவை.

கேள்வி: தேன் நெல்லிக்காயில் வைட்டமின் சி மிஞ்சியிருக்குமா?

பதில்: ஓரளவு இருக்கும். ஆனால் நெல்லியைக் குத்தி, வெந்நீரில் போட்டெடுத்து, பாகில் ஊறவைத்து, மாதக்கணக்கில் வைத்திருக்கும் ஒவ்வொரு படியிலும் அது குறைந்துகொண்டே வரும். தேன் என்ற பெயரில் விற்பதில் சர்க்கரைப் பாகே மிகுதியாக இருப்பதும் உண்டு. சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. அந்த வரிசையில் சர்க்கரை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பச்சை நெல்லிக்காய் கிடைக்கும் பருவத்தில் இதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: காயை வேகவைத்தாலே சத்தெல்லாம் போய்விடும் என்கிறார்களே?

பதில்: எல்லாச் சத்தும் போவதில்லை. வைட்டமின் சியும், பி வைட்டமின்களில் ஒன்றான ஃபோலேட்டும் வெப்பத்தால் சிதைவதோடு, நீரிலும் கரைந்து வெளியேறுகின்றன. நாம் வடித்துக் கொட்டும் நீரோடு போவதே இதில் பெரிய இழப்பு. குறைந்த நீரில், மூடிவைத்து, பதம் வந்ததும் இறக்கினால் இழப்பு குறையும். கூட்டில் அந்த நீர் உணவோடே சேர்ந்துவிடுகிறது. மறுபுறம், கேரட்டின் பீட்டா கரோட்டினும் தக்காளியின் லைகோப்பீனும் செல்சுவர் இளகிய பிறகே உடலுக்கு எளிதாகக் கிட்டுகின்றன. அவை கொழுப்பில் கரைபவை என்பதால், தாளிக்கும் ஒரு கரண்டி எண்ணெய் வீணாவதில்லை.

கேள்வி: டின்னில் அடைத்த அன்னாசி?

பதில்: நார்ச்சத்தும் தாதுக்களும் பெரும்பாலும் நிலைத்திருக்கும், புரதத்தைச் செரிக்கும் புரோமிலைன் நொதி வெப்பத்தில் செயலிழந்துவிடும். பாகில் ஊறியதைத் தவிர்த்து, பழச்சாற்றிலேயே ஊறியதை வாங்குங்கள்.

கேள்வி: சிறுநீரக நோயாளியான என் தந்தைக்கு, காய் வெந்த நீரைக் கொட்டிவிடச் சொல்கிறார்களே?

பதில்: அவருக்கு அந்த இழப்புதான் வேண்டியது. சிறுநீரகம் பழுதானால் பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கக்கூடும். அது நீரில் கரையும் என்பதால், பொடியாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடிப்பது அவருக்குச் சரியான முறை. அதே காரணத்தால், பொட்டாசியம் செறிந்த உலர் திராட்சையையும் பேரீச்சையையும் அவருடைய மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.